கடைக் கேக் என்று கூச்சப்படாதீங்க



நம்ம வரிப்பத்தான்சேனையில் விருந்தாளி வந்தால், "கடையில வாங்கின கேக்தான், குறை நினைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டுதான் தட்டை நீட்டுகிறோம். அந்தச் சொல்லை இனி விட்டுவிடலாம் என்பதற்காகவே இந்தப் பதிவு.

ஓவன் இல்லாத வீடுகள் நம்மில் நிறைய. 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்று, பால்மாவுக்குக் கடை கடையாக அலைந்த நாளிலிருந்து எதையும் விலை பார்த்துத்தான் வாங்குகிறோம். பாடசாலை விட்டு வந்து அடுப்படிக்குள் நுழைகிற எங்களைப் போன்றவர்களுக்கு நேரமும் இல்லை. பேக்கரியில் சாதாரண பட்டர் கேக் ஒன்று வாங்கினால் போதும். மிச்சமாகிக் காய்ந்த கேக் இன்னும் நல்லது. உடையாமல் சாற்றை உறிஞ்சும்.

முதலாவது, தயிர்க் கோப்பை. கேக்கைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கோப்பையில் போட்டு, மேலே கெட்டியான எருமைத் தயிர், கித்துள் பாணி, வறுத்த கஜு. அதே மாதிரி இன்னொரு அடுக்கு. அரை மணித்தியாலம் குளிர வைத்தால் சரி. தயிரின் புளிப்பு கேக்கின் இனிப்பை அடக்கிவிடும். இங்கிலாந்தில் டிரைபிள் என்று செய்வதும் இப்படித்தான்: கேக், பழம், கஸ்டர்ட், கிரீம் என்று அடுக்குவார்கள். அங்கே கேக்கை ஷெரி மதுவில் நனைப்பது வழக்கம். நமக்குத் தோடம்பழச் சாறு இருக்கிறது.

இரண்டாவது, கேக் வட்டிலப்பம். மலாய் மக்கள் வழியாக நமக்கு வந்த வட்டிலப்பத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும். 4 முட்டை, ஒன்றரைக் கப் கெட்டித் தேங்காய்ப்பால், 100 கிராம் கித்துள் கருப்பட்டி, ஏலம், சாதிக்காய். கலந்து வடித்து, நான்கு கேக் துண்டுகளின் மேல் ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். ஆவி நீர் சொட்டாமல் மூடி 40 நிமிடம் அவியுங்கள். கேக்கிலேயே சீனி இருப்பதால் கருப்பட்டி குறைவாகப் போதும்.

மூன்றாவது, கடற்பாசி. 10 கிராம் கடற்பாசியை ஊறவைத்து, ஒரு கப் தண்ணீரில் முழுதாகக் கரையும்வரை கொதிக்கவிட்டு, சீனி சேர்த்த முக்கால் லீற்றர் சூடான பாலில் கலக்குங்கள். பாதியை ஊற்றி, லேசாக இறுகத் தொடங்கியதும் கேக் துண்டுகளை வைத்து, மீதியை ஊற்றுங்கள். முதலிலேயே போட்டால் மிதக்கும். ஜெலட்டின் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஹலால்தானா என்று பார்க்க வேண்டும், நம்ம வெயிலில் உருகியும் விடும். கடற்பாசி கடல் தாவரம். கரன்ட் போனாலும் உருகாது.

நான்காவது பிள்ளைகளுக்கு. உதிர்ந்த கேக்கில் கொஞ்சம் டின்பால் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, தேங்காய்ப் பூவில் உருட்டச் சொல்லுங்கள். இதற்கு அடுப்பே வேண்டாம்.

சில எச்சரிக்கைகள். கேக்கில் ஒரு இடத்தில் பூஞ்சணம் கண்டாலும் அந்த இடத்தை வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது, முழுவதையும் எறிய வேண்டும். பழக் கேக் வாங்கும்போது பிராந்தி, ரம் சேர்த்திருக்கிறதா என்று உறையை வாசியுங்கள். சீனி வருத்தக்காரர் இருக்கும் வீட்டில் கோப்பை சின்னதாக இருக்கட்டும்.

பெருநாள் முடிந்ததும் காய்ந்த கேக் கோழிக்குப் போகிறது. அதில் முட்டையும் பட்டரும் மட்டுமா, ஒருவருடைய உழைப்பும் காசும் இருக்கிறது. வீண்விரயம் நமக்கு ஆகுமானதல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உம்மா விருந்தாளியிடம் மன்னிப்புக் கேட்பதைப் பக்கத்தில் நிற்கிற மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாள் முழுக்க உழைத்துவிட்டு, அடுப்பில் வேகாத ஒரு கேக்குக்காகப் பெண் தலைகுனிய வேண்டும் என்று அவள் படிக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் வேறு முறை இருந்தால் கீழே எழுதுங்கள். நாங்களும் செய்து பார்க்கிறோம், இன்ஷா அல்லாஹ்.