துணிக்குள் செங்கல்



கொமரலிங்கத்தில் ஒரு மாலை, மக்தப் முடியும் வேளையில் மாணவன் ஒருவன் தயங்கியபடி கேட்டான்: "ஹஜ்ரத், குர்ஆன் மீது பொய்ச் சத்தியம் செய்து ஒரு ராணியை ஏமாற்றியவர் நம்மவராமே, உண்மையா?"

அவன் கேட்டது திருச்சி அரசி மீனாட்சியின் வரலாறு. கணவர் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் 1732-இல் வாரிசின்றி இறந்தபின் அரசி ஆட்சிப் பொறுப்பேற்றார். பங்காரு திருமலை என்ற உறவினர் அரியணைக்குப் போட்டியிட்டார். அரண்மனைப் பூசலுக்குள் நுழைந்தார் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப். திருமறையைத் தொட்டுச் சத்தியம் செய்து அரசியின் நம்பிக்கையைப் பெற்றார். பின்னர் கோட்டையைக் கைப்பற்றி அவரையே சிறைவைத்தார். அரசி நஞ்சருந்தி உயிர்விட்டார் என்பர். சத்தியத்தின்போது துணியில் சுற்றப்பட்டிருந்தது குர்ஆன் அன்று, வெறும் செங்கல் என்பது வழிவழியாக வரும் செய்தி.

"அது எதிரிகள் கட்டிய கதை" என்று சொல்லிவிடவே என் நாவு துடித்தது. ஆனால் நமக்கே எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் கட்டளையிடுகிறதே! ஆகவே சொன்னேன்: "செங்கலோ குர்ஆனோ, கொடுத்த வாக்கை அவர் முறித்தது உண்மை. அதை மார்க்கம் ஏற்காது."

முடிவையும் சொன்னேன். 1741-இல் மராத்தியர் திருச்சியைப் பிடித்து அவரைக் கைதியாகக் கொண்டு சென்றனர். 1752-இல், உயிருக்குத் தீங்கில்லை என்று சத்தியம் செய்த தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அவர் சரணடைந்தார். அந்தச் சத்தியமும் முறிக்கப்பட்டது; அவர் தலை வெட்டப்பட்டது.

உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணைப்போல் ஆகிவிடாதீர்கள் என்று அந்நஹ்ல் அத்தியாயம் எச்சரிக்கிறது. பஞ்சாலைகளும் பனியன் ஆலைகளும் சூழ்ந்த நம் பகுதியில் இந்த உவமைக்கு விளக்கவுரை தேவையில்லை. பிரிந்த நூலின் இழப்பைப் பிள்ளைகளும் அறிவார்கள்.

அப்போது இன்னொரு சிறுவன் எழுந்தான். "ஹஜ்ரத், ஜுஸ்உ அம்மாவை மனனம் செய்தால் திருச்சிக்கோட்டைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னீர்களே?"

சென்ற ஆண்டு சொன்னது. அதன்பின் கேட்ட போதெல்லாம் "இன்ஷா அல்லாஹ்" என்று கடத்தியிருந்தேன். இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் அந்தத் தூய சொல்லை, தப்பித்துக்கொள்ளும் வழியாக்கியிருந்தேன். என் துணிக்குள்ளும் செங்கல்தான் இருந்தது.

மகனை "வா, தருகிறேன்" என்றழைத்த தாயிடம், என்ன தரப்போகிறாய் என வினவினார்கள் நபி (ஸல்) அவர்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஏதும் தராதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்றார்கள். அபூதாவூதில் இடம்பெறும் இந்த நபிமொழியை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன்.

பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் பேசியாகிவிட்டது. இம்முறை உள்ளத்தோடு சொல்கிறேன்: இன்ஷா அல்லாஹ்.

வாக்கைக் காக்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.