செம்மங்குப்பம் கேட்டுக்கு அப்பால்

கடலூர் முதுநகரை விட்டுப் பஸ் தெற்கே கிளம்பியதும், சிதம்பரம் செல்லும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வயலும் வாய்க்காலும் வரும் என்று எதிர்பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு முதலில் கிடைப்பது சிப்காட் தொழிற்பேட்டையின் மதில்களும் குழாய்களும், அவற்றோடு கூடவே வரும் ஒருவித நெடியுந்தான். கிழக்கே உப்பனாறு ஓசைப்படாமல் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. 1918-ம் ஆண்டு புதுச்சேரியிலிருந்து வெளிவந்த பாரதியாரைப் பிடித்து அடைத்தது இதே கடலூர்ச் சிறையில்தான். அஞ்சலையம்மாள் பிறந்ததும் இந்த முதுநகரில்தான். அந்த அம்மையாரின் சிறு மகளைக் காந்தியடிகள் வார்தாவுக்கே அழைத்துச் சென்று விட்டார். கல்விக்காகத் தூர தேசம் போவதும் வருவதும் இவ்வூர்களுக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

நாம் இறங்கிய இடம் செம்மங்குப்பம். சிதம்பரம் பிரயாணிகள் இறங்காத ஊர் இது. ஆனால் 2025-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி காலையில் இவ்வூர்ப் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது. விழுப்புரத்திலிருந்து மாயவரம் போகும் பாஸஞ்சர் ரயில், இங்குள்ள கேட்டில் பள்ளிக்கூட வேன் ஒன்றின் மீது மோதி, மூன்று மாணவர்கள் மாண்டுபோனார்கள். அன்று முதல் இந்த ஊர்த் தாய்மார்களுக்கு ரயில் சத்தம் என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

ஆனால் நாம் பார்க்கப் போன சிறுவனுக்கோ, உலகத்தில் ரயிலைப் போல் இனிமையான பொருள் வேறொன்றுமில்லை.

நம்முடன் வந்தவர்கள் இருவர். ஒருவர் வீடு வீடாகச் சென்று கற்பிக்கும் சிறப்பாசிரியை. மற்றவள் இங்கிலாந்திலே உளவியலில் பட்டம் பெற்று, ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பழகிப் பயிற்சி பெறுவதற்காக எட்டு வாரம் புதுச்சேரிப் பக்கம் வந்து தங்கியிருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண். பிரிட்டனிலிருந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இவ்விதம் வரும் பட்டதாரிகள் இப்போது பலர். அவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் பிடித்துக் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. வருகிறவர்களுக்கு இதனால் அநுபவம் கிடைக்கிறது என்பதில் ஐயமில்லை. குழந்தைகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதை நேரில் பார்க்கத்தான் நாமும் உடன் சென்றோம்.

பையனுக்கு வயது ஏழு. பேச்சு வரவில்லை. திண்ணையில் செருப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். நாம் வந்ததை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆங்கிலப் பெண் தன் பையிலிருந்து படச்சீட்டுகளை எடுத்துப் பரப்பினாள். ரொட்டித் துண்டு, பனிமனிதன், சோபாவில் தூங்கும் நாய்! பையன் ஒரு சீட்டை எடுத்து, செருப்பு வரிசையின் கடைசியில் ஒழுங்காக வைத்துவிட்டு மறுபடி தன் வேலையில் ஆழ்ந்தான்.

ஆசிரியை சிரிக்கவில்லை. தம்மிடமிருந்த வேறு சீட்டுகளை எடுத்தார். அவையெல்லாம் அந்த வீட்டிலேயே பிடித்த போட்டோக்கள்: அவர்கள் வீட்டுச் சொம்பு, அவன் சாப்பிடும் தட்டு, முறுக்கு டப்பா. பையன் சிறிது நேரம் கழித்துச் சொம்புப் படத்தை எடுத்துத் தாயின் கையில் திணித்தான். தண்ணீர் வந்தது. குடித்தான். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு செய்கைக்கு நான்கு மாதம் பிடித்ததாம். அதற்கு முன் தாகம் எடுத்தால் சுவரில் தலையை மோதிக்கொள்வான் என்று தாய் சொன்னாள்.

படத்தைக் கொடுத்துப் பொருளைப் பெறும் இந்த முறையை 1985-ல் அமெரிக்காவில் பாண்டி, ஃப்ராஸ்ட் என்ற இருவர் வகுத்தார்கள். முறை அவர்களுடையது, சொம்பு நம்முடையது. சீமையிலிருந்து சரக்கு வந்தால் பெட்டியோடு அப்படியே இறக்கி வைக்கும் வழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. இந்த ஆசிரியை பெட்டியைப் பிரித்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பது நமக்கு மிகவும் திருப்தி அளித்தது.

"டீச்சர், இந்தக் கம்பெனி நாத்தத்தாலதான் புள்ள இப்படி ஆயிட்டானோ?" என்று கேட்டாள் அவனுடைய ஆயா. தாய் தலையைக் குனிந்துகொண்டாள். கேள்வி கம்பெனியைப் பற்றியதானாலும், அந்த வீட்டில் இதற்குமுன் வேறு கேள்விகளும் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றிற்று.

ஆசிரியை பொறுமையாகவே பதில் சொன்னார். 1943-ல் கானர் என்ற டாக்டர் பதினொரு குழந்தைகளைப் பார்த்து இந்த நிலையைப் பற்றி எழுதினார். பிறகு பல ஆண்டுகள் தாய் பாசம் காட்டாததே காரணம் என்று பெரிய படிப்பாளிகளே சொல்லிவந்தார்கள். அது பொய்யென்று ஆகிவிட்டது. தடுப்பூசியின்மேல் பழி போட்ட 1998-ம் ஆண்டுக் கட்டுரையையும், அதை வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரும்பாலும் பிறவிக் கூற்றிலேயே அமைகிற விஷயம் இது. நெடியைப் பற்றி அரசாங்கத்திடம் எத்தனை வேண்டுமானாலும் முறையிடுங்கள், ஆனால் இந்தக் குழந்தைக்கு அதுதான் காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை. "உம் மருமக மேல ஒரு தப்பும் இல்ல, ஆயா" என்று கடைசியில் தனியாக ஒரு வாக்கியம் சொன்னார். தாய் அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் காபி போட எழுந்தாள்.

காபி குடித்துக்கொண்டிருக்கையில் தூரத்தில் ரயில் ஊதிற்று. பையன் எழுந்தான். அவன் ஓடியதை நாம் பார்க்கவில்லை. தாய் பாய்ந்து வாசற்படலை மறித்ததைத்தான் பார்த்தோம். இருமுறை அவனைத் தண்டவாளத்தருகிலிருந்து அயலார் தூக்கி வந்திருக்கிறார்கள். இது இந்தப் பையனுடைய விசேஷம் அல்ல. அமெரிக்காவில் 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இத்தகைய குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பின் ஒரு தடவையாவது வீட்டைவிட்டு ஓட முயன்றவர்கள் என்று தெரியவந்தது. தண்டவாளமும் ஆறும் பக்கத்தில் இருக்கும் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இங்கேதான் அந்த ஆங்கிலப் பெண் ஒரு நல்ல காரியம் செய்தாள். படலில் சிவப்பு வட்டம் ஒன்றை மாட்டி, அதன் முன் நிற்கவும், நின்றால் உடனே கூரைமேல் ஏறாமல் ரயில் பார்க்கக்கூடிய மாட்டுக் கொட்டகைத் திட்டுக்குத் தாயோடு போகவும் பழக்கலாம் என்றாள். ரயிலைத் தடுப்பதற்குப் பதிலாக ரயில் பார்க்க ஓர் இடம்! ஆசிரியை இசைந்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். "நீ பழக்காதே. அவன் அம்மாவுக்குச் சொல்லிக் கொடு. நீ அடுத்த மாதம் விமானம் ஏறிவிடுவாய்."

அந்தப் பெண்ணின் முகம் சற்று வாடிற்று. இருந்தாலும் அன்று மாலை வரை அவள் பையனைத் தொடவில்லை. தாயின் பக்கத்திலேயே இருந்தாள். மாறுதலைத் தாங்காத குழந்தைகளிடம் எட்டு வாரத்துக்கொரு புதிய அக்கா வந்து போவது எவ்வளவு பெரிய மாறுதல் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

1992-ல் மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வந்தது. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. 2016-ம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகை ஊனங்களில் அதையும் ஒன்றாக்கியது. முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசாங்கத்தின் பெரிய நிலையம் ஒன்று நடக்கிறது. எல்லாம் சரி. முட்டுக்காடு செம்மங்குப்பத்திலிருந்து எத்தனை பஸ் மாறவேண்டிய தூரம்! 1929-ல் அண்ணாமலைச் செட்டியார் ஸ்தாபித்த சர்வகலாசாலையோ ஒரு மணிப் பிரயாணத்தில் இருக்கிறது. அங்கே உளவியல் படிக்கும் நம் பிள்ளைகள் எட்டு வாரம் என்ன, எட்டு வருஷம்கூட இந்த வீடுகளுக்கு வந்து போகலாம். பாஸ்போர்ட்டும் வேண்டாம், பாஷையும் தெரியும்.

புறப்படும்போது தாய் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். பையன் பிறந்தபோது சிதம்பரத்துக்குக் கொண்டுபோவதாக வேண்டிக்கொண்டது, இன்னும் தீரவில்லை. ஒரு தரம் போனபோது தீபாராதனை மணிச் சத்தத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறியதும், சுற்றியிருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையும் அவளுக்கு மறக்கவில்லை.

ஆகவே மாலையில் சிதம்பரம் சேர்ந்தபின் நாம் நடராஜரைத் தரிசித்தது கொஞ்சம். போட்டோப் பிடித்ததுதான் அதிகம். பஸ் நிலையம், கீழ வீதி, செருப்பு வைக்கும் இடம், கோபுர வாயில், சிவகங்கைத் தீர்த்தம், திரும்பி ஏறவேண்டிய பஸ் என்று வரிசையாக ஆறு படங்கள். பூஜைகளுக்கு நடுவே மணியோசை இல்லாத நேரம் எது என்று ஆசிரியை ஒரு தீக்ஷிதரிடம் விசாரித்துக் குறித்துக்கொண்டார். படங்களைப் பெரிதாக அச்சிட்டு, கிழியாமல் பிளாஸ்டிக் உறை போட்டுத் தரும்படி வீதிக் கடையொன்றில் கொடுத்தோம். கடைக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஸ்வாமி படமே இல்லையே?" என்றார்.

"முதலில் பஸ் வரட்டும்" என்றார் ஆசிரியை.