சாய்வுக்கும் ஓர் அளவு

இருக்கையில் அமர்ந்தபடியே இரண்டு உள்ளங்கால்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். மோட்டார் சைக்கிள் வாங்கப் புறப்பட்ட நாளில் நமக்கிருந்த ஒரே நிபந்தனை இதுதான். ஐந்தடி மூன்றங்குல உயரமுடைய நமக்கு அது ஆடம்பரமன்று. அதற்குமுன் நாம் வைத்திருந்தது சற்று உயரமான வண்டி. சாலைச் சந்திப்பொன்றில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது, கால் ஊன்றிய இடம் பள்ளமாக அமைந்துவிட்டது. நுனிக்கால் எட்டியது, குதிகால் எட்டவில்லை. வண்டி மெல்லச் சரிந்தது. பின்னே அமர்ந்திருந்த நம் இல்லத்தாரின் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டுடன் அவர் அடுப்படியில் நின்ற காட்சி நம் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆகவேதான், ஐம்பதைக் கடந்த வயதில், அரபியும் தமிழும் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் ‘க்ரூஸர்’ வண்டியில் வந்திறங்குவதைக் கண்டு மாணவர்கள் வாய்பொத்திச் சிரித்தபோதும் நாம் வெட்கப்படவில்லை. தாழ்ந்த இருக்கை, நீண்ட உடல், முன்னே நீட்டிவைக்கும் கால்கள், அகன்ற ஹேண்டில்பார் ஆகியவை இவ்வகை வண்டியின் அடையாளங்கள். அமெரிக்காவின் நெடிய நேர்ச்சாலைகளில் வளர்ந்த வடிவம் இது. 1903இல் மில்வாக்கி நகரில் தோன்றிய ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தால் உலகெங்கும் அறியப்பட்டது. நம் நாட்டில் 2005இல் பஜாஜ் அவெஞ்சரும், 2020இல் ராயல் என்ஃபீல்டு மீட்டியரும் வந்தன. மீட்டியர் 350இன் இருக்கை தரையிலிருந்து 765 மில்லிமீட்டர் உயரம். அதே நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஹிமாலயன் வண்டிக்கோ 800. முப்பத்தைந்து மில்லிமீட்டர் ஒரு வேறுபாடா என்று நெட்டையர் கேட்கலாம். குதிகால் எட்டாதவருக்கே அதன் அருமை தெரியும்.

ஓராண்டுக் காலம் குறையேதுமின்றிக் கழிந்தது. சமவெளிச் சாலைகளில் அந்த வண்டி ஆற்றுநீரில் செல்லும் ஓடம் போலச் சென்றது. இனி நம் இல்லத்தாருக்கு நம்மால் தீங்கு நேராது என்று நாம் நிம்மதி கொண்டோம்.

2022இல், பழைய மாணவர் ஒருவருடைய மகளின் நிக்காஹ்வுக்காக இருவரும் வால்பாறை சென்றோம். ஆழியாற்றிலிருந்து ஏறும் அச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போது ஒன்றும் நேரவில்லை. பிற்பகலில் இறங்கும்போது, இடப்புறம் திரும்பும் வளைவொன்றில், இடது காலடியில் இரும்பு தரையைக் கீறும் ஓசை எழுந்தது. கால்வைக்கும் ஃபுட்ரெஸ்ட் தார்ச்சாலையில் உரசியது. பின்னிருந்து “என்னங்க!” என்ற அலறல். நாம் திடுக்கிட்டு வண்டியை நிமிர்த்திப் பிரேக்கையும் அழுத்தினோம். நிமிர்ந்த வண்டி வளைவை விட்டு நேரே ஓடியது. எதிர்ப்பக்கத்தில் ஏறி வந்த பேருந்து நான்கடி தொலைவில் நின்றது. ஓட்டுநர் ஏசவில்லை. “பெரியவரே, பின்னாடி அம்மா உக்காந்திருக்காங்க. பாத்துப் போங்க,” என்றார். அந்த நான்கு சொற்களைவிட ஏச்சே இலேசாக இருந்திருக்கும்.

ஆழியாறு வந்ததும் நம் இல்லத்தார் இறங்கிப் பேருந்தில் ஏறினார். அதன்பின் எட்டு மாதம் அவர் அந்த வண்டியைத் தொடவில்லை.

நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். ஆசிரியர் மாணவராகவும் மாணவர் ஆசிரியராகவும் மாறிய நாள் அது. “ஹஜ்ரத், ஃபுட்ரெஸ்ட் உரசினது தப்பில்லை. அது உங்களுக்குச் சொன்ன சேதி. சேதியைக் கேட்டு நீங்க மிரண்டதுதான் தப்பு,” என்றார்.

பின்னர் வண்டியருகே நம்மைக் குந்தவைத்துக் காட்டினார். ஃபுட்ரெஸ்ட் கீலில் பொருத்தப்பட்டுள்ளது; தரை பட்டால் மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். முதலில் அது உரச வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். அதையும் மீறிச் சாய்த்தால் ஸ்டாண்டோ, சைலென்சரோ, சட்டமோ தரையில் ஊன்றும். அவை மடங்கா. ஊன்றிய இரும்பு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அதன்பின் வண்டி ஓட்டுபவர் கையில் இராது.

வேகத்தடையைத் தாண்ட உதவும் அடிப்பக்க உயரம் வேறு, வளைவில் சாய்வதற்குரிய இடைவெளி வேறு என்பதையும் அன்றுதான் அறிந்தோம். முன்னது வண்டி நிமிர்ந்து நிற்கையில் அளப்பது. பின்னது, ஓர் உறுப்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. இருக்கை தாழ்ந்தால் காலை வைக்கும் இடமும் தாழ வேண்டும், சட்டமும் தாழும். குதிகால் தரையைத் தொட வேண்டுமென்று நாம் விரும்பி வாங்கிய தாழ்வுதான் வளைவில் இரும்பையும் தரையைத் தொடவைத்தது.

கணக்கும் கடினமானதன்று. பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ 17 பாகை சாய்ந்தால் போதும். 30 கிலோமீட்டர் வேகமென்றால் 35 பாகை வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு. சாய்வோ இரு மடங்கு. பந்தய வண்டிகள் 60 பாகைக்கு மேலும் சாய்கின்றன. க்ரூஸர்கள் பலவற்றுக்கு 30 பாகைக்கு அண்மையிலேயே எல்லை வந்துவிடுகிறது. போதாததற்கு, பின்னே ஒருவர் அமர்ந்தால் ஷாக் அப்சர்பர் அமுங்கி, இருக்கும் இடைவெளியும் குறையும். தனியே சென்றபோதெல்லாம் உரசாத வண்டி, நம் இல்லத்தாரை ஏற்றிய அன்று உரசியதன் காரணம் விளங்கிற்று.

இவ்வண்டியின் கொடுக்கல் வாங்கல் இத்துடன் முடியவில்லை. சக்கரங்களின் இடைவெளி மிகுந்திருப்பதால் நேர்ச்சாலையில் அசையாது செல்லும். குறுகிய தெருவில் திருப்புவதற்குள் வியர்த்துவிடும். கால்கள் முன்னே நீண்டிருப்பதால் முழங்காலுக்குச் சுகம். ஆனால் பள்ளம் வரும்போது காலை ஊன்றி எழ முடியாது, அடி முழுதும் முதுகெலும்பில் இறங்கும்.

கிராஅத் பயில்வோர் ‘இமாலா’ என்ற சொல்லை அறிவர். சாய்த்தல் என்பது அதன் பொருள். ‘ஆ’ என்னும் ஒலியை ‘ஈ’யின் பக்கம் சற்றே சாய்த்து ஓதுவது. நாம் ஓதும் ஹஃப்ஸ் முறையில் குர்ஆன் முழுவதிலும் அது ஓரிடத்தில்தான் வருகிறது. அவ்விடமோ நூஹ் (அலை) அவர்களின் மரக்கலம் ஓடுவதைக் குறிக்கும் சொல். அதிகம் சாய்த்தால் எழுத்தே மாறிவிடும். சாய்க்காவிட்டால் முறை பிழைக்கும். முப்பது ஆண்டுகளாக அந்த அளவைப் பிள்ளைகளுக்குத் திருத்திக் கொடுத்த நாம், சாலையில் நம் அளவை அறியாதிருந்தோம்.

மாணவர் சொன்னபடி பின்புற ஷாக் அப்சர்பரை இரண்டு படி இறுக்கினோம். வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொள்ளப் பழகினோம். திரும்பும் பக்கமாக மேலுடலைச் சற்றே சாய்த்தால் வண்டி அந்த அளவுக்குக் குறைவாகச் சாய்ந்தால் போதும் என்பதையும், எதிரே வருவதைப் பாராமல் வளைவு முடியும் இடத்தைப் பார்ப்பதையும் கற்றோம். உரசினாலும் மிரண்டு நிமிர்த்தாமல் ஒரே சீராகப் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ஞாயிறு தோறும் விடியலில் தனியே சென்று பயின்றோம். எங்கே போகிறோம் என்று நம் இல்லத்தார் கேட்கவில்லை. திரும்பி வரும்வரை வாசலில் நின்றார்.

மறு ஆண்டு, அதே வீட்டில் பேறுகாலம் நடந்து குழந்தையைப் பார்க்கப் போகவேண்டியிருந்தது. பேருந்தில் போகலாம் என்றோம் நாம். அவர் ஒன்றும் பேசாமல் தலைக்கவசத்தை எடுத்து வந்தார். ஏறும்போது நாற்பது, இறங்கும்போது நாற்பது. ஒவ்வொரு வளைவிலும் அவர் கை நம் தோளை இறுகப் பிடித்தது. பாதி வழியில் சற்றே தளர்ந்தது. ஆழியாற்றில் தேநீருக்காக நின்றோம்.

“இன்னைக்குச் சத்தமே வரலையே,” என்றார்.

“வந்திருந்தால்?” என்றோம்.

“அது சேதிதானேங்க,” என்று சொல்லிவிட்டு, வலித்த முதுகை நீவிக்கொண்டார்.