ஒரு எர்த் வயரும் எங்கள் அவசரமும்



போன மாதம் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் நாங்கள் எழுதியது பலருக்கு ஞாபகம் இருக்கும். "பள்ளி முடக்கில் இருக்கிற கடையில் வாகனத்துக்கு செட் பூட்டாதீர்கள், காசுதான் நட்டம்" என்று எழுதியிருந்தோம். கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் பள்ளி முடக்கில் அப்படி ஒரே ஒரு கடைதான் இருக்கிறது. நாங்கள் எழுதியது பிழை. எப்படிப் பிழையானது என்பதை மூவரும் சேர்ந்து இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் மூன்று ஆசிரியர்கள். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குப் பழைய வேனில் போய் வருகிறோம். வழியில் பஸ் கிடைக்காத சாதாரணதரப் பிள்ளைகள் நாலைந்து பேரும் ஏறுவார்கள். அந்த நேரம் வீணாகக் கூடாதென்று பாடங்களைப் போனில் பதிந்து வேனில் போட்டுவிடுவோம். ஏசி வேலை செய்யாத வேன். கண்ணாடியைத் திறந்து ஓடினால் காற்றுச் சத்தத்தில் பாடம் கேட்காது. அதனால்தான் நாலு சனல் எம்ப்ளிஃபயர் ஒன்று பூட்டினோம். பூட்டித் தந்தவர் எங்களிடம் படித்த பிள்ளை.

ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு சத்தத்தைக் கூட்டினால் கரகரவென்று வந்தது. பேச்சு கிழிந்து கேட்டது. "சேர், என்ன சொல்றாங்கண்டு விளங்கல்ல" என்று பிள்ளைகள் சொன்னார்கள். நாங்கள் என்ன செய்தோம்? எம்ப்ளிஃபயரில் கெயின் என்று எழுதியிருக்கும் சின்னத் திருகைக் கடைசி வரை திருப்பி வைத்தோம். சத்தம் கூடியது, கரகரப்பும் கூடியது. இரண்டு கிழமையில் முன் கதவு டுவீட்டர் ஒன்று எரிந்துபோனது.

நேரே கடைக்குப் போனோம். வாடிக்கையாளர் இருவர் நிற்கும்போதே ஏசினோம். "வேனக் கொண்டு வாங்க சேர், பார்த்துச் சொல்றன்" என்றார். நாங்கள் கேட்கவில்லை. அன்றிரவே குழுமத்தில் எழுதிவிட்டோம். வேறொரு கடையில் காட்டினோம். அவர்கள் வேனுக்குள் ஏறிப் பார்க்காமலே "எம்ப் போயிட்டு, புதுசு போடுங்க" என்றார்கள்.

புதியது வாங்க யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அந்தத் தம்பி மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மல்டிமீட்டர்.

"சேர், எழுதினதப் பார்த்தன். பரவாயில்ல. சத்தத்த மட்டும் ஒருக்காக் கேட்டுட்டுப் போறன்."

அவர் செய்ததை வரிசையாக எழுதுகிறோம். உங்கள் வாகனத்திலும் இதே குறை இருந்தால் உதவும்.

முதலில் இஞ்சினை ஓட விட்டு, சத்தத்தை நன்றாகக் குறைத்துக் கேட்டார். சுத்தமாக இருந்தது. ஸ்பீக்கரின் கோன் கிழிந்திருந்தாலோ கொயில் உரசினாலோ மெதுவாகப் போட்டாலும் பெரும்பாலும் கரகரப்பு இருக்குமாம். சந்தேகம் தீர, இடது வலது ஸ்பீக்கர் வயர்களையும் மாற்றிப் பார்த்தார். கரகரப்பு எந்த ஒரு ஸ்பீக்கரோடும் போகவில்லை. ஆகவே குறை ஸ்பீக்கரில் இல்லை.

அடுத்து டெக்கிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டுப் போனை நேரடியாக எம்ப்ளிஃபயரில் கொடுத்தார். அதே கரகரப்பு. ஆகவே டெக்கிலும் இல்லை.

மூன்றாவது, மின்சாரம். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பெட்டரியில் அளந்தார். 14 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். எம்ப்ளிஃபயரின் முனைகளில் அளந்தார். 12க்கும் கீழே விழுந்தது. இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியில் எங்கேயோ தொலைகிறது. பிறகு மீட்டரின் ஒரு முனையை எம்ப்ளிஃபயரின் எர்த்திலும் மற்றதைப் பெட்டரியின் மைனஸிலும் வைத்தார். அங்கே கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். இரண்டு வோல்ட் காட்டியது.

"சேர், பின் சீட்டுக்குக் கீழ பெயின்ட் அடிச்சீங்களா?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கடற்கரை ரோட்டு உப்புக் காற்றில் வேனின் தளம் துருப்பிடித்திருந்தது. இடையில் ஒரு கராஜில் கொடுத்துத் தகரம் ஒட்டிப் பெயின்ட் அடித்திருந்தோம். எர்த் வயரின் போல்ட்டை அவர்கள் கழற்றி, பெயின்ட் காய்ந்ததும் அதன் மேலேயே திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் புரி பட்ட கொஞ்ச இடத்தால்தான் எல்லா மின்சாரமும் போய்க்கொண்டிருந்தது.

தம்பி அந்த இடத்தை மண்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும் வரை உரசினார். போல்ட்டை இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கிறீஸ் தடவினார். மறுபடி அளந்தார். மீட்டர் 0.1க்கும் கீழே நின்றது. கரகரப்பு பாதி போய்விட்டது.

மீதிப் பாதி நாங்கள் செய்தது.

கெயின் என்பது சத்தம் கூட்டும் திருகு அல்ல. டெக் அனுப்பும் சிக்னலின் அளவுக்கு எம்ப்ளிஃபயரைப் பொருத்துவதற்கானது. அளவுக்கு மேல் திருப்பினால் எம்ப்ளிஃபயரால் கொடுக்க முடியாத உயரத்தை நாம் கேட்கிறோம். ஒலி அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். அந்த வெட்டுத்தான் கரகரப்பு. டுவீட்டர் எரிந்ததும் அதனால்தான். அவர் கெயினை முழுதாகக் குறைத்தார். பாஸ் பூஸ்ட்டை நிறுத்தினார். டெக்கின் சத்தத்தை முக்கால் பங்கில் வைத்தார். பிறகு கெயினை மெல்லக் கூட்டி, கிழியத் தொடங்கிய இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் எடுத்து விட்டார். அவ்வளவுதான். பாடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

எங்களில் ஒருவர் 15 வருடமாக விஞ்ஞானம் படிப்பிப்பவர். ஓமின் விதியைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பார். 20 அம்பியர் ஓடும் இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் விழும் என்பது சாதாரணதரக் கணக்கு. அந்தக் கணக்கை எங்கள் சொந்த வேனில் எங்களிடம் படித்த பிள்ளைதான் செய்து காட்டினார். பரிசோதிக்காமல் முடிவு சொல்லக் கூடாதென்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

காசு கொடுத்தோம். வாங்கவில்லை. "குழுமத்துல எழுதினத மட்டும் அழிச்சிடுங்க சேர். ரெண்டு கிழமையா வேல குறைவு" என்றார். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார், பிழை அவருடையது போல.

அழித்துவிட்டோம். ஆனால் வாசித்தவர்கள் வாசித்ததுதானே. இருவர் முன்னால் ஏசிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்பதும் சரியல்ல. அதனால் நேற்று அவர் கடையில் ஆட்கள் இருக்கும் நேரம் பார்த்து மூவரும் போய் மன்னிப்புக் கேட்டோம். எரிந்த டுவீட்டருக்குப் பதிலாகப் புதியதொன்றை அவரிடமே காசு கொடுத்து வாங்கினோம். அதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

ஒரு மனிதரின் உழைப்பில் மண் போட்டதை அல்லாஹ் எங்களுக்கு மன்னிக்க வேண்டும். அன்று எங்கள் பதிவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இதையும் பகிருங்கள். வாகனத்தில் செட் வேலை இருந்தால் பள்ளி முடக்குக் கடைக்குப் போங்கள். மீட்டர் வைத்து அளந்து பார்த்துத்தான் அவர் பேசுவார்.