ஏழாங்கட்டை பஸ்

பழைய பஸ்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாத மனிதர்கள் சிலர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் ஒரு கடையில் பசியாற வந்து சேரும் நாங்கள் நால்வரும் அந்த ரகம்தான். ஒருவர் பஸ் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் லோரி ஓட்டியவர், ஆனால் மனசெல்லாம் பஸ். ஒருவர் பஸ் டிக்கெட்டுகளைப் பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருக்கிறார். நான் வெறும் பயணி. தோசை ஆறிப்போகும்வரை, ஒரு பழைய படத்தில் இருக்கும் ஜன்னலின் வளைவைப் பார்த்து அது எந்த ஆண்டு வண்டி என்று சண்டை போடுவோம். "தங்க நகையைக்கூட இப்படி உரசிப் பார்த்ததில்லை இவர்" என்று என் மனைவி சிரிக்கிறாள்.

சிரிக்கட்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கார் துரைக்கு. மோட்டார் சைக்கிள் கிராணிக்கு. நமக்கு பஸ். சம்பளம் போட்டால் பட்டணம் போக, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெரிய ஆஸ்பத்திரி போக, பெண் பார்க்க வேறு தோட்டம் போக, கருமாதிக்குப் போக, தைப்பூசத்துக்குப் பத்துமலை போக, எல்லாவற்றுக்கும் செம்மண் சடக்கில் நடந்து தார்ச் சடக்குக்கு வந்து நின்றால் போதும். எங்களுக்கு அது காப்பார் சாலையில் ஏழாங்கட்டை. மைல்கல் கணக்கெல்லாம் போய்க் கிலோமீட்டர் வந்து எத்தனையோ வருஷமாகிறது. ஆனால் அந்த இடத்துக்கு எங்கள் வாயில் இன்னும் அதே பெயர்தான்.

அந்தக் காலத்து பஸ் பெரும்பாலும் முழுசாகக் கப்பலில் வந்து இறங்கியதில்லை. இங்கிலாந்திலிருந்து அடிச்சட்டமும் என்ஜினும் வரும். மேற்கூட்டை இங்கேயே பட்டறைகளில் தச்சர்கள் கட்டுவார்கள். கெட்டி மரத்தில் எலும்புக்கூடு, அதன்மேல் தகடு, உள்ளே பலகை. அதனால்தான் ஒரே கம்பெனி வண்டிகளிலும் ஒன்றைப்போல ஒன்று இருக்காது. எங்கள் பக்கம் ஓடியவற்றில் பெட்போர்டு நிறைய. அதில் ஓ.பி. என்ற ரகம் முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு வரும். 1950-ல் வெளிவந்த எஸ்.பி. ரகத்துக்கு மூக்கு கிடையாது. என்ஜின் டிரைவருக்குப் பக்கத்தில் வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஒரு மூடி. மழை நாளில் அந்த மூடியைச் சுற்றி இடம் பிடிக்கப் பிள்ளைகளுக்குள் போட்டி. ஈரச் சப்பாத்தை அதன்மேல் சாத்தி வைத்தால் கிள்ளான் வருவதற்குள் காய்ந்துவிடும், கொஞ்சம் கருகின வாடையோடு.

பழைய ரகங்களில் கியர் போடுவது தனி வித்தை. கிளட்சை ஒரு முறை மிதித்துக் கியரை விடுவித்து, காலை எடுத்து, என்ஜின் வேகத்தைப் பார்த்து, மறுபடியும் மிதித்து அடுத்த கியரைத் தள்ள வேண்டும். கணக்குத் தவறினால் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் லயம் வரைக்கும் கேட்கும். நல்ல டிரைவருக்கு அந்தச் சத்தம் வரவே வராது. எங்கள் பிட்டர் நண்பர் சொல்வார்: "வண்டியைப் பார்க்க வேண்டாம், திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். கியர் மாற்றுவதைக் கேட்டாலே யார் ஓட்டுகிறார் என்று சொல்லிவிடலாம்." நான் முதலில் நம்பவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. எங்கள் அம்மாவும் இருட்டில் சடக்கோரம் நின்றுகொண்டு, "பாக்சிக் வண்டி வருது" என்று வெளிச்சம் தெரிவதற்கு முன்பே சொல்லுவாள்.

கண்டக்டர் வேலை அதைவிடக் கஷ்டம் என்பது என் கட்சி. இடது கையில் ஒரு பலகை. அதில் காசு வாரியாக, நிறம் நிறமாக டிக்கெட் கட்டுகள். தோளில் தோல் பை. விரலில் துளை போடும் கருவி. சாலை முழுவதும் ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பிரித்திருக்கும். டிக்கெட்டின் ஓரத்தில் அந்த எண்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும். நாம் எந்த ஸ்டேஜில் ஏறினோமோ அந்த எண்ணில் ஒரு துளை. நடுவழியில் செக்கர் ஏறினால் அந்தத் துளையைப் பார்த்தே, இந்த ஆள் கொடுத்த காசுக்கு எதுவரை போகலாம் என்று கண்டுபிடித்துவிடுவார். கடைசி நிறுத்தத்தில் ஒவ்வொரு கட்டிலும் எந்த எண்ணில் நிற்கிறது என்று கணக்குத் தாளில் எழுத வேண்டும். பைக் காசும் தாளும் ஒத்துப்போகாவிட்டால் குறை அவர் தலையில். இவ்வளவையும் ஆடுகிற வண்டியில், கோழிக் கூடைக்கும் மரவள்ளி மூட்டைக்கும் நடுவில், நான்கு மொழியில் பேசிக்கொண்டே செய்ய வேண்டும். "மாசோக் டாலாம்!" என்று மலாயில் ஒரு அதட்டல். "உள்ளே போம்மா, உள்ளே இடம் இருக்கு" என்று தமிழில் ஒரு கெஞ்சல். உள்ளே இடம் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

எங்களுக்கு முந்திய தலைமுறைக்கு பஸ் என்றால் பயமும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓட்டிய கதை கேட்டிருப்பீர்கள். அதற்கடுத்து 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கிவிட்டு, அடையாளக் கார்டுகளைப் பறித்துக்கொண்டு வண்டிக்குத் தீ வைத்த சம்பவங்கள் நாட்டில் பல இடங்களில் நடந்தன. என் பாட்டி அப்படி ஒரு பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவள். வண்டி எரிந்ததைவிட, தலைப்பிள்ளைக்கு வாங்கிய புதுச் சட்டை மேல்கூரை மூட்டையோடு எரிந்ததைத்தான் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். 1951-க்குப் பிறகு உணவுக் கட்டுப்பாடு கடுமையானது. பட்டணத்தில் வாங்கிய டின் பாலைக் கடையிலேயே துளை போட்டுத்தான் கொடுப்பார்கள், காட்டுக்குப் போய்ச் சேராதிருக்க. தடுப்பில் பஸ் நின்றால் எல்லோரும் இறங்கிப் பையைத் திறந்து காட்ட வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் போக முன்பெல்லாம் நுழைவுத் தேர்வு. அந்தத் தடை நீங்கி, 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிக்குப் போகலாம் என்றானது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது, சரி. பள்ளிக்கூடம் பட்டணத்தில் அல்லவா இருக்கிறது? பஸ் இருந்தால் படிப்பு. தவறினால் அன்றைக்கு லீவு. பத்து நாள் தவறினால் தலைமையாசிரியர் கடிதம். அதற்கப்புறம் உளியைக் கையில் எடுத்துக்கொண்டு நிரைக்குப் போக வேண்டியதுதான். எங்கள் லயத்தில் அப்படி நின்றவர்களை விரல் விட்டு எண்ண முடியாது. மாதச் சீட்டுக் காசு இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து அம்மாவின் மூன்று நாள் சம்பளம். பெண் பிள்ளை என்றால் இன்னொரு கவலை. விடிவதற்கு முன் பால்மரக் காட்டு வழியே ஒரு மைல் நடக்க வேண்டும். அந்த நேரத்தில் அப்பாவும் அம்மாவும் பெரட்டுக் களத்தில் நிற்பார்கள். கூட வர ஆள் இல்லை.

காலை பஸ்ஸை ஓட்டியவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். நாங்கள் எல்லோரும் பாக்சிக் என்போம். கண்டக்டர் தமிழர். அவரைக் கண்டக்டர் அண்ணன் என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஏழாங்கட்டைக்கு முந்திய பள்ளத்தில் வரும்போதே பாக்சிக் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். காட்டுக்குள் நடந்து வருகிற எங்களுக்கு அது கடிகாரம். ஹாரன் கேட்டால் ஓட வேண்டும். டார்ச் வெளிச்சம் மரங்களுக்கிடையில் ஆடுவது தெரிந்தால் அண்ணன் மணிக்கயிற்றை இழுக்காமல் நிற்பார்.

1974-ல் அக்கா மூன்றாம் பாரம். எல்.சி.ஈ. பரீட்சை. எங்கள் தோட்டத்திலும் அடுத்த தோட்டத்திலுமாக அந்த வருஷம் ஏழு பேர் எழுதினார்கள். அதில் நாலு பேர் பெண்கள். முதல் நாள் காலை, ஐந்தாங்கட்டை தாண்டியதும் 'சடக்' என்று ஒரு சத்தம். விசிறிப் பட்டை அறுந்துவிட்டது. என்ஜின் மூடியின் ஓரங்களில் ஆவி. பாக்சிக் இறங்கிப் பார்த்தார். ஒரு அம்மாள் தலைத்துண்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதை முறுக்கிப் பட்டை மாதிரி கட்டினார்கள். வண்டி கால் மைல் ஓடியது, துண்டும் போயிற்று. அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரமாகும். அக்கா அழவில்லை, பென்சில் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் அண்ணன் சடக்கு நடுவில் போய் நின்று, சந்தைக்குப் போகிற ஒரு சீனரின் காய்கறி லோரியை மறித்தார். சீனர் மறுப்புச் சொல்லவில்லை. ஏழு பேரையும் ஏற்றினார்கள். புகுமுக வகுப்பில் இருந்த நானும் தொற்றிக்கொண்டேன். பாக்சிக், "நீ எங்கே ஏறுகிறாய்? டிக்கெட், கணக்கு?" என்றார். "பொம்பளைப் பிள்ளைங்களைத் தெரியாத லோரியிலே தனியா அனுப்பிட்டு நான் இங்கே நின்னா சரியா வராது" என்று தமிழில் சொல்லிவிட்டு, பலகையும் பையுமாக அண்ணனும் ஏறிக்கொண்டார். பாக்சிக்குத் தமிழ் விளங்கும். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

கங்குங் கீரைக் கூடைகளுக்கு இடையில் உட்கார்ந்து போனோம். பாலத்துக்கு இந்தப் பக்கமே லோரி திரும்ப வேண்டும். கிள்ளான்வாசிகளுக்கு அந்தப் பாலம் தெரியும். 1961-ல் திறந்த இரட்டைத் தட்டுப் பாலம். மேலே வண்டிகள், கீழ்த் தட்டில் சைக்கிள்களும் நடக்கிறவர்களும். அந்தக் கீழ்த் தட்டில் ஏழு பேரும் ஓடினார்கள், பின்னால் காசுப் பை குலுங்கக் குலுங்கக் கண்டக்டர் அண்ணன். பள்ளி வாசலில் காவல்காரர் மணியில் கை வைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் வெள்ளைச் சட்டையின் முதுகில் பச்சைக் கறை. அதோடுதான் பரீட்சை எழுதினாள்.

ஏழு பேரில் நாலு பேர் தேறினார்கள். அக்கா தாதிப் பயிற்சி வரை போனாள். தேறாதவர்களில் இருவர் அடுத்த மாதமே பெயர் போட்டு மரம் வெட்டப் போனார்கள். சந்தோஷமாகச் சொல்லக்கூடிய கணக்கு இல்லை அது. ஆனால் அன்றைக்கு அந்த லோரி இல்லாவிட்டால் ஏழு பேருமே போயிருப்பார்கள்.

அந்த வாரம் முழுதும் பஸ்ஸில் வேறு கண்டக்டர். நின்றுபோன வண்டியில் செக்கர் ஏறிப் பார்த்தபோது கண்டக்டர் இல்லை, அதற்கு ஒரு வாரம் சம்பளமில்லாமல் நிறுத்திவிட்டார்கள் என்று பாக்சிக்தான் பிறகு சொன்னார். கம்பெனி சட்டம் அப்படி, பெயர் எதற்கு? திரும்பி வந்த அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரிசல்ட் வந்த அன்று மட்டும், "எத்தனை பேர் லூலுஸ்?" என்று கேட்டார்.

1980-களில் டிரைவரே காசு வாங்கும் முறை பரவி, கண்டக்டர்கள் ஒவ்வொருவராகக் கழிந்தார்கள். அண்ணன் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலைக்குப் போனார். அங்கேதான் ஓய்வு பெற்றார், காலமாகிப் பல வருஷமாகிறது. அவர் பலகை பட்டறையில் எங்கேயோ போயிற்று. மரக்கூட்டு பஸ்களில் சில, தொழிற்சாலைப் பெண்களை இரவு ஷிப்டுக்கு ஏற்றிப் போயின, சில பள்ளி பஸ்களாயின. மீதி வெட்டு இரும்புக்கு. தோட்டத்திலும் கப்சாய் மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு ஒன்று வந்துவிட்டது. கோலாலம்பூரில் 1975-ல் வந்த மினி பஸ் 1998-ல் போனது. அதற்குக் கண்ணீர் விடுகிறவர்களும் உண்டு. கம்பியில் தொங்கிக்கொண்டு போன எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. டிக்கெட் நண்பருக்குச் சிங்கப்பூரில் ஒரு தம்பி. 1926 முதல் 1962 வரை அங்கே ஓடிய மின்கம்பி பஸ்ஸைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பினாங்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எங்களிடம் 1925-லேயே வந்துவிட்டது என்பார்கள். அது உண்மைதான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள்ள பெரிய குறை படங்கள். துரையின் காரோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பஸ்ஸைப் படம் எடுக்க யாருக்குத் தோன்றும்? ஆகவே பழைய கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, பின்னால் சடக்கில் ஏதாவது தெரிகிறதா என்று தேடுகிறோம். போன மாதம் ஒரு காதணி விழாப் படத்தில் பஸ்ஸின் பின்பாதி கிடைத்தது. ஏணியும், மேல்கூரையில் ஒரு சைக்கிளும். பிட்டர் நண்பர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எஸ்.பி. என்கிறார்.

டிக்கெட் விஷயத்தில்தான் இன்னும் தீரவில்லை. ஏழாங்கட்டையிலிருந்து கிள்ளானுக்குக் கொடுத்த டிக்கெட் பச்சை என்கிறார் டின்காரர். அவர் டின்னில் அது இல்லை. ஊதா என்று நான் சொல்கிறேன். அக்காவைக் கேட்டால், மாதச் சீட்டு வைத்திருந்தவளுக்கு டிக்கெட் நிறம் எப்படித் தெரியும் என்கிறாள். உங்கள் வீட்டுப் பழைய ஜாதகக் கட்டிலோ, பாட்டியின் வெற்றிலைப் பையிலோ, ஓரத்தில் துளை போட்ட சின்னத் தாள் ஒன்று கிடந்தால் குப்பையில் போடாமல் நிறத்தை மட்டுமாவது எழுதி அனுப்புங்கள்.