சோறு கிடைக்கிறது, படுக்கத் தரை எங்கே?

ஆற்காட்டுக்கும் ஆரணிக்கும் நடுவில், நடந்து போகிறவர்களின் வழியில் இருக்கிறது திமிரி. தெற்கே ஆரணி, களம்பூர், போளூர் என்று போனால் திருவண்ணாமலை. வடக்கே ஆற்காடு, இராணிப்பேட்டை, சோளிங்கர் என்று போனால் திருத்தணி, அதையும் தாண்டினால் திருப்பதி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி, புரட்டாசிக்கு மஞ்சள் துணி, கார்த்திகைத் தீபத்துக்கு அண்ணாமலை என்று ஆண்டில் பல மாதங்கள் இந்த வட்டாரத்துச் சாலைகளில் கால்நடையாகப் போகிறவர்கள் உண்டு. நாளுக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் இந்தப் பக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு மூன்று நாள். திருத்தணிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. மூன்று நாள் நடையில் இரண்டு இரவு வருகிறது. அந்த இரண்டு இரவும் எங்கே கழியும் என்ற கேள்விக்குத்தான் நம் ஊர்களிடம் இன்று பதில் இல்லை. பாதயாத்திரைக்காரருக்குச் சோறு போடுவதை அறமாக ஏற்றுக்கொண்ட நாம், படுக்க இடம் தருவதையும் அதே அறமாக, அதற்கும் மேலே ஊரின் கடமையாக ஏற்க வேண்டும் என்பது என் கட்சி.

சோற்றைப் பொறுத்தவரை நம் மக்கள் கொடையில் குறை சொல்ல எதுவும் இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பந்தல் போட்டுச் சாம்பார் சாதமும் மோரும் கொடுக்கிறார்கள். கோயில்களில் அன்னதானத்தை 2002இல் அரசே திட்டமாக்கியது. தங்குமிடத்துக்கு அப்படி ஒரு திட்டம் நம் வழிகளில் இல்லை. பக்தர் விடுதிகள் பெரும்பாலும் கட்டப்படுவது போய்ச் சேரும் தலத்தில்தான். திருமலையில் பெரிய தங்கும் கூடங்களும் இலவசப் பெட்டக வசதியும் உண்டு; திருவண்ணாமலையில் விடுதிக்குப் பஞ்சமில்லை. பேருந்திலும் காரிலும் வருகிறவருக்கு அது போதும். நடந்து வருகிறவருக்கு மிகவும் தேவைப்படுவது தலத்துக்கு முந்தைய இரவுகளில். அந்த இரவுகள் ஆரணியிலும் களம்பூரிலும் திமிரியிலும் வருகின்றன. அங்கே விடுதி கட்ட யாருக்கும் தோன்றுவதில்லை.

விளைவு என்ன என்பதைச் சாலையே சொல்லும். மூடிய கடையின் வாசல், பேருந்து நிழற்குடை, பெட்ரோல் பங்கின் ஓரம், கோயில் மதிலை ஒட்டிய மணல் ஆகியவைதான் படுக்கை. கார்த்திகை வடகிழக்குப் பருவமழையின் மாதம். மழை வந்தால் அந்த இடமும் போய்விடும், எழுந்து நடக்க வேண்டியதுதான். நடப்பவரின் முதுகில் ஒளிரும் ஒட்டிகளைப் போலீசார் ஒட்டிவிடும் வழக்கம் வந்திருப்பதே, இருட்டில் சாலை ஓரம் போகும் மனிதருக்கு லாரி எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்குச் சாட்சி. வெயிலுக்குப் பயந்து இரவில் நடக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். வேலூர் வட்டாரத்து வெயில் தெரிந்தவர் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இரவில் நடப்பவர் பகலில் தூங்கியாக வேண்டும். நிழலும் தண்ணீரும் உள்ள கூடம் அப்போது இன்னும் அவசியமாகிறது. தூங்க இடமில்லாததால் நடந்துகொண்டே இருப்பவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். இரண்டு இரவு சரியாகத் தூங்காத கால், வண்டியின் விளக்கைக் கண்டு ஒதுங்குவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்று யோசித்தால், தூக்கம் இங்கே உயிர்ப் பாதுகாப்பு என்பது விளங்கும்.

நடப்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இராணிப்பேட்டை டேனரிகளிலும் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளிலும் உழைக்கிறவர்கள், ஆரணியில் பட்டுத் தறி ஓட்டுகிறவர்கள், கழனி வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த மண் இது. ஒரு நாள் லீவு என்பது பலருக்கு ஒரு நாள் சம்பளம். வேலை முடிந்து மாலையில் இராணிப்பேட்டையிலிருந்து கிளம்பும் ஒரு குழு, திமிரியை எட்டும்போது இரவு பத்து மணி ஆகிவிடும். கடைகள் மூடியிருக்கும். லாட்ஜுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை, சிறிய ஊரில் லாட்ஜும் இல்லை. ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெண்கள் ஏராளம். அவர்கள் நடக்க நினைத்தால், தாழ்ப்பாள் உள்ள கதவும் தண்ணீர் வரும் கழிப்பறையும் எங்கே இருக்கின்றன என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லாவிட்டால் நேர்த்திக்கடன் மனசிலேயே நின்றுவிடும், அல்லது பேருந்தில் போய்த் தீரும்.

இந்தக் கடமை நமக்குப் புதியது என்று யாரும் சொல்ல முடியாது. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலை போட்டவர் என்றே இன்றும் நினைக்கப்படுகிறார். சாலையோடு சத்திரங்களும் அவர் பெயரில் நிற்கின்றன; மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரில் இருப்பது அவற்றில் ஒன்று. தஞ்சை மராட்டியர் இராமேசுவரம் போகும் வழியில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். அவற்றைக் காப்பாற்ற வேண்டி 1801இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சத்திரங்கள் நடந்த விதம் விவரமாக இருக்கிறது. எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் உணவு, நோயாளிக்கு வைத்தியர், நள்ளிரவில் மணி அடித்து இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூப்பிடும் வழக்கம் எல்லாம் அதில் வருகின்றன. இரவு நேரம் கழித்து வருகிறவரை எதிர்பார்த்து ஒரு நிர்வாகம் விழித்திருந்தது என்பது அதன் பொருள். நம் பக்கத்துச் சென்னை–பெங்களூரு சாலையிலும் சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் என்ற ஊர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நாள் நடை. நடக்கும் உடம்பை அளவுகோலாக வைத்துத்தான் வழித்தங்கல்கள் அமைந்தன.

பிறகு ஏன் அது அற்றுப்போனது? காரணம் இந்த வட்டாரத்திலேயே தொடங்குகிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. நான்கு நாள் நடை சில மணி நேரமாகச் சுருங்கிற்று. வழித்தங்கலின் தேவை போனதும் அதற்கு எழுதிவைத்த நிலமும் வருமானமும் வேறு வேலைகளுக்குப் போயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல சத்திரங்கள் உள்ளாட்சி வாரியங்களின் பொறுப்பில் சேர்ந்து, நாளடைவில் அலுவலகமாகவும் பள்ளியாகவும் மாறின. பயணத்துக்கு நடப்பது குறைந்த காலத்தில் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் வேண்டுதலுக்காக நடப்பது நின்றுவிடவில்லை. நம் காலத்தில் அது பெருகியிருக்கிறது. நடை பெருகியபோது அதன் இரவுக்கான ஏற்பாடு மட்டும் திரும்பவில்லை.

ஏற்பாடு இருக்கும் இடங்களில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் காவடிப் பயணம் நூற்றாண்டுகளாகத் தொடர்வதற்கு, எந்த இரவு எந்த ஊரில் என்பது முன்பே தீர்மானமாகியிருப்பதும் ஒரு காரணம். மகாராட்டிரத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் போகும் ஞானேசுவரர் பல்லக்கோடு இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். சாசவட், ஜேஜுரி, பல்டண் என்று தங்கல்கள் நிலையானவை. திண்டி எனப்படும் ஒவ்வொரு நடைக்குழுவுக்கும் முன்னாலேயே கூடாரம் போய்ச் சேர்ந்துவிடும். சபரிமலை போகிறவர்களுக்குக் கேரளத்தில் தேவசம் போர்டு வழியிலுள்ள கோயில்களையே இடத்தாவளங்களாக, அதாவது இடைத்தங்கல்களாக, ஒதுக்குகிறது. நம் ஐயப்பமார்கள் அதன் அருமையை அறிவார்கள். ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரை வழியை முடித்ததற்கான சான்றிதழை 1980களின் நடுவில் ஆண்டுக்கு ஓரிரு ஆயிரம் பேரே பெற்றார்கள். 1993இல் கலிசியா மாநில அரசு அந்த வழியில் குறைந்த செலவில் தங்கும் பொது இல்லங்களைத் தொடர்ச்சியாக அமைத்தது. 2024இல் சான்றிதழ் பெற்றவர்கள் ஏறக்குறைய 5 லட்சம். விளம்பரம், சுற்றுலா என்று வேறு காரணங்களும் அதில் உண்டு. ஆனாலும் அடுத்த இரவு எங்கே என்ற கவலை இல்லாத வழியில்தான் முதியவரும் தனியாளும் பெண்களும் துணிந்து நடக்கிறார்கள்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் முதலாவது, யாத்திரை ஒரு தவம், வசதி வந்தால் தவம் போய்விடும் என்பது. இதை மதிக்கிறேன். வெறும் தரையில் படுப்பது, செருப்பில்லாமல் நடப்பது, ஒரு வேளை உண்பது எல்லாம் நடப்பவர் தாமே ஏற்றுக்கொள்ளும் விரதங்கள். லாரிச் சக்கரமும், நாய்க்கடியும், மறைவிடம் தேடி இருட்டில் அலையும் பெண்ணின் அச்சமும் எந்த விரதத்திலும் சேர்ந்தவை அல்ல. நான் கேட்பது கட்டிலும் மின்விசிறியும் அல்ல. கூரை, தரை, விளக்கு, குழாய், கழிப்பறை, தாழ்ப்பாள். இந்த ஆறும் கிடைத்தால் தவம் தவமாகவே இருக்கும்.

இரண்டாவது மறுப்பு செலவு. ஆண்டில் சில வாரங்களுக்காகக் கட்டடம் கட்டுவது வீண் என்கிறார்கள். புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் நம்மில் பெரும்பாலோர் கல்யாணம் வைக்காத மாதங்கள். கல்யாண மண்டபங்களும் சமுதாயக் கூடங்களும் பூட்டிக் கிடக்கும் அந்த மாதங்களில்தான் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் சபரிமலைக்கும் போகிறவர்கள் சாலையில் இருக்கிறார்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறை புரட்டாசியை ஒட்டியும், அரையாண்டு விடுமுறை மார்கழியிலும் வருகின்றன. பள்ளிக் கூடங்களும் அப்போது காலி. கட்டடமும் இருக்கிறது, அது காலியாக இருக்கும் காலமும் பொருந்துகிறது. சாவி யாரிடம், பெருக்குவது யார், கரண்டுக் கட்டணம் யார் தருவது என்பவை மட்டுமே மிச்சம். ஆளுக்கு இருபது, முப்பது ரூபாய் வாங்கினால் இவற்றுக்கு வழி பிறக்கும். குப்பை போடுவார்கள், சத்தம் போடுவார்கள் என்ற அச்சத்துக்கும் இதுவே மருந்து. பொறுப்பாளர் ஒருவர் பெயர் எழுதி உள்ளே விடும் இடம், யாரும் பார்க்காத பேருந்து நிலையத்தைவிடச் சுத்தமாகவே இருக்கும்.

மூன்றாவது மறுப்பு எனக்கு மிக முக்கியமானது. கிராமத்தில் வீட்டுக்கு வீடு திண்ணை உண்டு, மக்களே இடம் கொடுப்பார்கள், அரசும் நிர்வாகமும் எதற்கு என்பது அது. திண்ணை இப்போது இல்லை. புது வீடுகளில் இரும்பு கிரில் வந்துவிட்டது. திண்ணை இருந்த காலத்திலும் அது எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்ற கேள்விக்குச் சொல்லும் பதிலைப் பொறுத்தே இடம் கிடைத்தது. பழைய சத்திரங்களிலும் சாதிவாரியாகப் பந்தியும் சமையலும் பிரிந்திருந்தன. அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டுவர நான் வாதாடவில்லை. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது தூரக் கணக்கும் விழித்திருக்கும் நிர்வாகமும். தள்ள வேண்டியது பிரிவினை. தனி வீட்டின் தயவு ஆளைப் பார்த்து மாறும், பொதுக் கூடத்தின் விதி மாறாது. சேரியிலிருந்து நடந்து வரும் குழுவுக்கும் அக்ரகாரத்திலிருந்து வருபவருக்கும் ஒரே கதவு என்பதை உத்தரவாதம் செய்ய உள்ளாட்சியால்தான் முடியும்.

கடைசி மறுப்பு, ஒரு மதத்தின் யாத்திரைக்குப் பொதுப்பணம் எதற்கு என்பது. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நடப்பவர்கள் உண்டு. வாலாஜாவும் மேல்விசாரமும் ஆம்பூரும் பல சமயத்தார் சேர்ந்து உழைக்கும் ஊர்கள். கூடத்தின் வாசலில் எந்தத் தெய்வத்துக்கு நடக்கிறாய் என்று கேட்கத் தேவையில்லை. தெய்வத்துக்காக நடக்காதவருக்கும் அது வேண்டும். 2020 கொரோனா ஊரடங்கில் வடமாநிலத் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளிலும் தண்டவாளங்களிலும் நடந்தார்கள். அந்த ஆண்டு மே 8 அன்று ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 பேர் சரக்கு இரயிலில் அடிபட்டு இறந்தார்கள். நடந்து களைத்த மனிதர் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே சாய்ந்துவிடுவார் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம். வழியில் தங்கும் இடம் என்பது சாலையைப் போலவே எல்லோருக்கும் பொது.

ஆகவே திமிரியிலிருந்தே தொடங்கலாம். பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம் என்ற இரண்டு தகுதியும் இந்த ஊருக்கு உண்டு. ஆற்காட்டுக்கும் ஆரணிக்கும் நடுவில் அரைநாள் நடைத் தூரத்தில் அமைந்திருக்கிறது. ஆடிக்கு முன்னால் ஒரு கூடத்தைத் தேர்ந்து, பெண்களுக்கு ஒரு பகுதியைத் தடுத்து, இரவு பத்து மணிக்கு மேலும் கதவு திறக்க ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்து, சாலையின் இரு முனையிலும் இடத்தையும் போன் எண்ணையும் எழுதிய பலகை நட்டால் போதும். அதே மாதிரி ஆற்காடும் ஆரணியும் களம்பூரும் போளூரும் செய்தால் ஒரு வழி முழுமையாகிவிடும். அன்னதானப் பந்தல் போடும் அன்பர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஒரே சாலையில் அடுத்தடுத்துப் பந்தல்கள் இருக்கும்போது, அவற்றில் ஒன்றின் செலவை ஒரு கூடத்தின் இரவுக் காவலுக்கும் தண்ணீருக்கும் துப்புரவுக்கும் மாற்றுங்கள். வயிறு நிறைந்தவருக்கு அடுத்து வேண்டியது பயமில்லாத ஆறு மணி நேரத் தூக்கம். அதைக் கொடுப்பவரும் அன்னம் இட்டவருக்குச் சமமான புண்ணியம் செய்தவரே.