கமக்காரர் ஒருவரின் குடும்பக் கதை

குடும்ப வரலாறுகளைப் பெரும்பாலும் எழுதுவோர் அக்குடும்பத்தின்மீது அன்பு கொண்டவர்களே. அன்பு நல்ல சாட்சியாகுமா என்னும் வினா நெடுநாளாக என் மனத்தை உறுத்தி வந்துள்ளது. அவ்வினாவை என்னுள் எழுப்பியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அமெரிக்கக் கமக்காரர். பெயர் சாள்ஸ் இங்கல்ஸ்.

சிறு வயதில் அவரை நான் அறிந்தது, அவருடைய மகள் லோரா இங்கல்ஸ் வைல்டர் 1932 முதல் எழுதி வெளியிட்ட நவீனங்களின் வாயிலாகவே. பகலெல்லாம் மண்ணோடும் மரத்தோடும் போராடிவிட்டு, இரவில் கணப்பருகே அமர்ந்து பிள்ளைகளுக்குப் பிடில் வாசிக்கும் அந்தத் தந்தையை நானும் நேசித்தேன். பின்னாளில், குடிசன மதிப்பு ஏடுகளையும் காணிப் பதிவுகளையும் ஆதாரமாகக் கொண்ட ஆய்வுகளைப் படித்தேன். லோரா 1930 இல் எழுதி, 2014 இலேயே நூலாக அச்சேறிய தன்வரலாற்றையும் படித்தேன். அங்கே நான் சந்தித்தவர் சற்று வேறான மனிதர்.

சாள்ஸ் 1836 இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் குடும்பத்துடன் இலினோய்க்கும், அங்கிருந்து விஸ்கொன்சினுக்கும் பெயர்ந்தவர். மேற்கே இதனினும் நல்ல நிலம் உண்டு என்ற நம்பிக்கையே மகனுக்குக் கிடைத்த முதுசம் எனலாம். விஸ்கொன்சினில் அயலில் வாழ்ந்த குவைனர் குடும்பத்தோடு இங்கல்ஸ் குடும்பம் மும்முறை மணவுறவு கொண்டது. சாள்ஸ் கரோலைனை 1860 இல் மணந்தார். அவருடைய சகோதரர் ஒருவரும் சகோதரி ஒருவரும் அதே வீட்டிலேயே துணை தேடிக்கொண்டனர். மாற்றுச் சம்பந்தம் அறிந்த நமக்கு இது வியப்பன்று.

1862 இல் அமெரிக்க அரசு இயற்றிய சட்டம், ஐந்தாண்டு குடியிருந்து பயிரிடுவோருக்குச் சிறு கட்டணத்துடன் 160 ஏக்கர் அரச நிலத்தை உரிமையாக்கியது. ஆயின், சாள்ஸ் 1869 இல் கன்சாசில் வீடு கட்டிய நிலம் அச்சட்டத்துக்கு உட்பட்டதன்று. அது ஓசேஜ் மக்களுக்கென ஒப்பந்தத்தால் ஒதுக்கப்பட்டிருந்த நிலம். இவரைப் போன்றோர் பலர் உரிமையின்றி அங்கு குடியேறினர். 1870 யூலையில் நிறைவேறிய சட்டம் ஓசேஜ் மக்களை இன்றைய ஒக்லகோமாவுக்கு அகற்றவும், அந்நிலத்தைக் குடியேறியோருக்கு ஏக்கர் 1.25 டொலராக விற்கவும் வழிசெய்தது. படையினர் வெளியேற்றுவர் என்று அஞ்சியே தந்தை புறப்பட்டதாக மகளின் நவீனம் கூறும். விஸ்கொன்சின் காணியை வாங்கியவர் பணம் செலுத்த இயலாமற் போனதால், அதனைப் பொறுப்பேற்க 1871 இல் குடும்பம் திரும்பியது என்பதே ஆய்வாளர் காட்டும் காரணம். உண்மையில் வெளியேற்றப்பட்டோர் ஓசேஜ் மக்களே. சிறுவனாக அக்கதையைப் படித்தபோது நான் அவர்களுக்காக வருந்தவில்லை. முடிக்கப்படாத விதைப்பை விட்டுச் சென்ற தந்தைக்காகவே வருந்தினேன். கதை சொல்பவர் எந்த வாசலில் நிற்கிறாரோ அந்த வாசலில்தான் கேட்பவனும் நிற்கிறான்.

1874 இல் மினசோட்டாவில் கோதுமை பயிரிட்டார். மலைத்தொடரிலிருந்து திரண்டுவந்த வெட்டுக்கிளிகள் விளைச்சலைத் தின்று தீர்த்தன. மண்ணில் முட்டையிட்டு அடுத்த ஆண்டையும் அழித்தன. அறுவடைக் கூலிவேலை தேடிச் சாள்ஸ் கிழக்கே நெடுந்தூரம் நடந்தார். 1875 இன் இறுதியில் நிவாரண மாவு பெறுவதற்காக, தம்மிடம் யாதொரு வழியுமில்லை என்று சத்தியம்செய்து கையொப்பமிட்டார். எவரிடமும் கடன்படாத மனிதராக மகள் தீட்டிய ஓவியத்தில் இக்கையொப்பத்துக்கு இடமில்லை.

அவ்வாண்டு நவம்பரில் பிறந்த ஒரே ஆண் மகவு அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இறந்தது. பின்னர் அயோவாவில் ஒரு விடுதியை நடத்த உதவினார்கள். அங்கும் வாழ்வு நிமிரவில்லை. வாடகைப் பாக்கியை விட்டு ஓரிரவில் வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டதை லோரா தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆயின் மகவின் மரணம், விடுதி, இரவுப் பயணம் ஆகிய மூன்றும் நவீனங்களில் இடம்பெறவில்லை. 1879 இல் மூத்த மகள் மேரி நோயுற்றுப் பார்வை இழந்தாள்.

அதே ஆண்டு புகையிரதப் பாதை அமைப்போரிடம் வேலை பெற்றுச் சாள்ஸ் டகோட்டாவுக்குச் சென்றார்; மறு ஆண்டு அங்கே காணிக்கு விண்ணப்பித்தார். 1880 ஒக்டோபரில் தொடங்கிய பனிப்புயல்கள் வசந்தம்வரை ஓயவில்லை. புகையிரதம் நின்றது. வைக்கோலை முறுக்கி எரித்தும், கோப்பி அரைக்கும் கையியந்திரத்தில் கோதுமையை அரைத்தும் குடும்பம் உயிர்தப்பியது. 1886 இல் காணியுரிமை கிடைத்தது. ஆயினும் அடுத்த ஆண்டே நகரில் வீடு கட்டிக் குடிபுகுந்தார். வாழ்நாளெல்லாம் தேடிய நிலத்தை அவர் நெடுங்காலம் உழவில்லை. 1902 யூன் 8 ஆம் நாள் இறந்தார். அவரை வறியவராக்கிய அந்த வெட்டுக்கிளி இனம் உயிருடன் இறுதியாகக் காணப்பட்டதும் அதே 1902 இலேதான். நான்கு மகள்மாரின் வழியில் எஞ்சியிருந்த ஒரே பேர்த்தி றோஸ் 1968 இல் மறைந்தபோது அவருடைய சந்ததி அற்றுப்போயிற்று. பிடில் மட்டும் மிசூரியில் ஓர் அரும்பொருட்சாலையில் இருக்கிறது.

இவற்றையெல்லாம் அறிந்தபின் அம்மனிதர்மீது நான் கொண்ட அன்பு குறைந்ததா? ஓசேஜ் மக்களின் நிலத்தை நினைக்கையில் அவ்வன்பு கூசுகிறது; கூசுவதே நியாயம். ஆனால் மாவுக்காகக் கையொப்பமிட்ட தந்தையை நினைக்கையில் அது ஆழமாகிறது. அந்த மாவை உண்டுதான் அவருடைய பிள்ளைகள் அக்குளிரைக் கடந்தனர். மகள் அதனை மறைத்தது வெட்கத்தால் மட்டுமன்று, தந்தையின் மானத்தைக் காக்கவும்தான் என்று நினைக்கிறேன்.

என் தந்தையாரும் கமக்காரரே. அவர் மறைந்தபின் அவருடைய வாழ்வை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். வெட்டிய கிணறு, நட்ட தென்னைகள், படிப்பித்த பிள்ளைகள் என எல்லாம் எழுதினேன். மழையில் வெங்காயம் அழுகிய ஆண்டில் அம்மாவின் தாலிக்கொடியை அடைவு வைத்துவிட்டு, இரவு முழுவதும் அவர் முற்றத்தில் அமர்ந்திருந்ததை மட்டும் எழுதவில்லை. அதனை விட்டுவிட்டேன் என்பதைக்கூட நான் அப்போது உணரவில்லை. லோராவின் நவீனங்களையும் தன்வரலாற்றையும் அருகருகே வைத்துப் படித்த நாளிலேதான் உணர்ந்தேன். அன்றிரவே கொப்பியை எடுத்து, அந்த இடத்தில் ஒரு தாளை ஒட்டி எழுதினேன். என் தந்தையாரை முழுமையாகக் காட்டும் பக்கம் இப்போது அதுவே.